மூச்சும் உடைமையும்

காற்றுக்கு விலை இல்லை என்பது பொருளியலின் முதற் பாடங்களில் ஒன்று. பயன் உண்டு, பரிமாற்றப் பெறுமதி இல்லை என்பதற்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் மாணவர் உடனே காற்றைச் சொல்வர். கார்ல் மார்க்சும் 'மூலதனம்' நூலின் முதல் அத்தியாயத்திலே இவ்வெடுத்துக்காட்டையே ஆண்டார். மனித உழைப்பின் இடையீடு இன்றியே மனிதனுக்குப் பயன்படும் பொருள்களின் வரிசையிலே காற்றையும், உழப்படாத நிலத்தையும், இயற்கைப் புல்வெளியையும் அவர் வைத்தார். நாம் தமிழ் கற்பிப்பவர்; பொருளியல் எமது பாடம் அன்று. எனினும் எமது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி, நாம் ஐயமின்றி ஏற்றிருந்த இவ்வெடுத்துக்காட்டை எம் மனத்திலே நிலைகுலையச் செய்துவிட்டது.

"சேர், கந்தோர் ஐயா வீட்டு மிஷின் சும்மாதானே கிடக்குது. அப்பம்மாவுக்குக் கேட்டால் தருவினமோ?"

அவன் குறிப்பிட்ட 'மிஷின்' ஓர் ஒட்சிசன் செறிவாக்கி. கந்தோர் ஐயா என்று ஊரார் அழைத்தவர் இளைப்பாறிய எழுதுவினைஞர். 2021ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது, கனடாவில் வாழும் மகன் அதனை வாங்கி அனுப்பினார். முதியவர் 2023இல் காலமானார். அதன்பின் அவ்வியந்திரம், பூவேலை செய்த துணியொன்றினால் மூடப்பட்டு, வீட்டு மண்டபத்தின் மூலையிலே பழைய தையல் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றது. மாணவனின் அப்பம்மா நான்கு வீடு தள்ளி இருப்பவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். ஒரு சுருட்டையேனும் வாயில் வைத்தறியாத அவரது நுரையீரலை விறகுப் புகை தின்றுவிட்டது. வீட்டிலே நாளொன்றுக்குப் பதினைந்து மணிநேரமாவது ஒட்சிசன் எடுக்கவேண்டும் என்று வைத்தியர் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். துண்டுக்கு விலை இல்லை. இயந்திரத்தின் விலையோ ஓர் ஆசிரியரின் பல மாதச் சம்பளம்.

கேள்வி எளியது. ஆயினும் நாம் உடனே விடை சொல்லவில்லை, "பார்ப்போம்" என்றோம். ஏன் தயங்கினோம் என்பதே பின்னர் எம்மை உறுத்தியது. பயன்படாமல் கிடக்கும் ஒரு பொருளை, அஃது இல்லாமல் மூச்சுத் திணறும் ஒருவருக்காகக் கேட்பதற்கு நாம் ஏன் கூசவேண்டும்? இக்கூச்சத்தை ஆராய முற்பட்டபோது, முதலில் அவ்வியந்திரம் என்ன செய்கின்றது என்பதைக்கூட நாம் அறிந்திருக்கவில்லை என்பது புலனாயிற்று. அறியாத பொருளைப் பற்றி அறம் பேசுவது கற்றோரிடையே பெருகிவரும் ஒரு நோய். ஆதலின் இயந்திரத்திலிருந்தே தொடங்குவோம்.

ஒட்சிசன் செறிவாக்கி ஒட்சிசனை உண்டாக்குவதில்லை. இதனை அழுத்திச் சொல்லவேண்டும். விற்பவரிற் பலரும் வாங்குபவரில் அநேகரும் அவ்வாறே எண்ணுகின்றனர். நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய நூற்றுக்கு 78 பங்கு நைதரசன். 21 பங்கு ஒட்சிசன். ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஆகன். இயந்திரம் அறைக் காற்றை உள்ளிழுத்து, தூசு வடித்து, அமுக்கி, சியோலைற்று என்னும் கனிப்பொருளின் சிறுமணிகள் நிரம்பிய உருளையொன்றினுள்ளே செலுத்துகின்றது. அமுக்கம் கூடியவிடத்து அம்மணிகள் நைதரசனைத் தம் நுண்துளைகளிலே பற்றிக்கொள்கின்றன. ஒட்சிசனை அவ்வளவாகப் பற்றுவதில்லை. பற்றப்படாத ஒட்சிசன் மறுமுனையால் வெளியேறி நோயாளியின் மூக்கிலுள்ள குழாயை அடைகின்றது. மணிகள் நிறைந்ததும் அமுக்கம் தளர்த்தப்படுகின்றது. பற்றிய நைதரசனை அவை அறைக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. இவ்வாறான உருளைகள் இரண்டு. ஒன்று பற்றும்போது மற்றது விடும். சில நொடிகளுக்கொருமுறை இம்முறை மாறும். இயந்திரத்திலிருந்து ஓயாது எழும் 'புஸ்' என்ற ஓசை இதுவே. வெளிவரும் வாயுவில் நூற்றுக்கு 90 முதல் 96 வரை ஒட்சிசன். முழுத் தூய்மை கிட்டாமைக்குக் காரணம், ஆகன் ஒட்சிசனோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடுவதுதான்.

ஆகவே, பணம் கொடுத்து வாங்கப்படுவது காற்று அன்று. காற்றைப் பிரிக்கும் உழைப்பு. அறையிலிருந்து எடுக்கப்பட்டதில் ஒரு பகுதி நோயாளிக்குச் செல்கின்றது. மறுபகுதி அறைக்கே மீள்கின்றது. மூலப்பொருள் இன்றும் எல்லோருக்கும் பொதுவானதே. இடையில் நிற்கும் பெட்டிதான் ஒருவருக்கு உரியது.

அப்பெட்டிக்குள் அடங்கிய உழைப்பு யாருடையது? 1770களிலே சுவீடனில் ஷீலேயும் இங்கிலாந்தில் பிறீஸ்ற்லியும் தனித்தனியே இவ்வாயுவைப் பிரித்தெடுத்தனர். பாரிஸ் நகரில் லவோசியே அதன் இயல்பை விளக்கிப் பெயரிட்டார். பிறீஸ்ற்லி 1775இல் வெளியிட்ட நூலிலே, இத்தூய காற்று ஒரு காலத்தில் செல்வரின் ஆடம்பரப் பண்டமாகலாம் என்றும், இதுவரை அதனைச் சுவாசித்தவர் தாமும் இரண்டு எலிகளுமே என்றும் வேடிக்கையாக எழுதினார். வேடிக்கை, வேடிக்கையாகவே நின்றுவிடவில்லை. பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்த குற்றத்துக்காக அவருடைய வீட்டை 1791இல் பேர்மிங்காம் நகரக் கும்பலொன்று எரித்தது. லவோசியே வரி வசூலிக்கும் குத்தகைக் கூட்டத்தில் ஒருவராயிருந்தமையால் 1794இல் அப்புரட்சியின் கையாலேயே தலையிழந்தார். ஒரே வாயுவை ஆராய்ந்த இருவர் வரலாற்றின் இரு கரைகளில் நின்றது சிந்தனைக்குரியது. சியோலைற்றுக்கு அப்பெயரை 1756இல் இட்டவர் குரொன்ஸ்ரெட் என்னும் சுவீடன் நாட்டுக் கனிப்பொருளியலார். சூடாக்கினால் நீர் கொதித்தெழும் கல் என்பது பொருள். அதனைச் செயற்கையாக ஆக்கும் முறையை 1950ஐ அண்டிய ஆண்டுகளில் யூனியன் கார்பைட் கம்பனியின் ஆய்வுகூடத்திலே மில்ட்டன் என்பார் கண்டார். அமுக்கத்தை ஏற்றியும் இறக்கியும் வாயுக்களைப் பிரிக்கும் முறைக்கு 1960இல் ஸ்கார்ஸ்ற்றொம் என்பவர் காப்புரிமை பெற்றார். அவர் வேலை செய்தது எஸ்ஸோ எண்ணெய்க் கம்பனியில். (யூனியன் கார்பைட் என்ற பெயரை வாசகர் வேறோரிடத்தில் கேள்விப்பட்டிருப்பர். 1984 டிசம்பரில் போபால் நகரிலே ஆயிரக்கணக்கானோரின் மூச்சை ஓரிரவிலே பறித்த தொழிற்சாலை அக்கம்பனியின் இந்தியக் கிளைக்கு உரியது. மூச்சளிக்கும் கல்லும் மூச்சைப் பறித்த புகையும் ஒரே கணக்கேட்டில் இடம்பெற்றவை.)

இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாட்டார் கூடித் தேடிய அறிவு அப்பெட்டியிலே உறைந்து கிடக்கின்றது. கனடாவிலிருந்து மகன் அனுப்பிய பணம் அதன் கடைசிக் கண்ணி மாத்திரமே. ஆயின் கடைசிக் கண்ணியைப் பிடித்திருப்பவனே முழுச் சங்கிலிக்கும் சொந்தக்காரன் என்பது இன்றைய உலகின் வழக்கு.

இனி, மாணவனின் கேள்விக்கு அவசரப்பட்டு 'ஆம்' என்பதும் தவறாயிருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டும். மூச்சு வாங்குகின்றது என்றவுடன் ஒட்சிசன் வேண்டும் என்று எண்ணுவது இயல்பு; அஃது உண்மையன்று. இரத்தத்தில் ஒட்சிசன் போதியவாறு இருந்தும் மூச்சு வாங்குவோர் பலர். நாட்பட்ட சுவாச அடைப்பு நோயினரில் இரத்த ஒட்சிசன் மிகத் தாழ்ந்தவர்களுக்கு நீண்டநேர ஒட்சிசன் ஆயுளை நீட்டும் என்பதை 1980இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றும் 1981இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றும் நிறுவின. பிரித்தானிய ஆய்விலே நாளுக்கு 15 மணிநேரம் ஒட்சிசன் பெற்ற 42 பேரில் ஐந்தாண்டுக்குள் இறந்தவர் 19. பெறாத 45 பேரில் இறந்தவர் 30. எண்ணிக்கை சிறிது, வேறுபாடு பெரிது. ஆயின் 2016இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, இரத்த ஒட்சிசன் ஓரளவே குறைந்த 738 பேரை ஆராய்ந்து, அத்தகையோருக்கு வீட்டு ஒட்சிசனால் ஆயுள் நீளவில்லை என்று கண்டது. 2024இல் வெளிவந்த சுவீடன் ஆய்வோ, நாள் முழுவதும் எடுப்பது 15 மணிநேரத்தைவிட மேலான பயன் தரவில்லை என்று காட்டிற்று. இது வெறும் மருத்துவச் செய்தி அன்று. ஒன்பது மணிநேர மின்சாரம் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு என்ன என்பதை அறிந்தவர் இதன் பொருளை அறிவர்.

அளவும் அவ்வாறே. நெடுநாள் நோயினரில் சிலருக்கு ஒட்சிசன் மிஞ்சினால் இரத்தத்திலே காபனீரொட்சைட்டு ஏறும், தலைவலி, மயக்கம், குழப்பம் தோன்றும், உயிருக்கே கேடாகலாம். ஆதலின் அவர்களுக்கு இரத்தச் செறிவை 88க்கும் 92க்கும் இடையில் நிறுத்துவதே முறை. நூற்றை எட்டவேண்டும் என்று திருகியைக் கூட்டும் அன்புள்ள மகனே தாய்க்குத் தீங்கு செய்துவிடக்கூடும். ஒட்சிசன் ஒரு மருந்து. எவ்வளவு, எத்தனை மணிநேரம் என்பதை வைத்தியரே வகுக்கவேண்டும்.

விரல்நுனியில் மாட்டும் ஒக்சிமீற்றரைப் பற்றியும் ஒரு சொல். அஃது ஒளியைத் தோலினூடாகச் செலுத்தி அளக்கும் கருவி. 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, கருவி போதிய அளவைக் காட்டியபோதும் உண்மையில் இரத்த ஒட்சிசன் தாழ்ந்திருந்த நிகழ்வு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளரிடம் ஏறக்குறைய மூன்று மடங்காயிருந்தது. கருந்தோலில் கருவி பிழைக்கின்றது என்பது 1990இலேயே சுட்டிக்காட்டப்பட்டதொன்று. முப்பது ஆண்டுகள் அது பொருட்படுத்தப்படவில்லை. கருவிகளுக்கு நிறபேதம் தெரியாது என்று எண்ணியிருந்தோம். அவற்றை எவர் தோலில் வைத்துச் சரிபார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. வெயிலிலும் அடுப்படியிலும் கறுத்த எம் ஊர்ப் பெண்களுக்கு, 92 என்று காட்டும் எண்ணை அப்படியே நம்புவது ஆபத்தாகலாம். நாடியிலிருந்து இரத்தம் எடுத்து அளப்பதே உறுதி. மாணவனின் அப்பம்மாவுக்கும் வைத்தியசாலையிலே அவ்வாறு அளந்துதான் நிமிடத்துக்கு ஒரு லீற்றர் என்று எழுதப்பட்டிருந்தது. நாம் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்த பின்னரே கந்தோர் ஐயா வீட்டுப் படியேறினோம்.

படியேறுவதற்கு முன் எமது கூச்சத்தைப் பற்றிச் சொல்லிவிடவேண்டும். தமிழிலக்கியம் பயின்றவர் நாம். ஈவோன், இரப்போன், புரவலன், பரிசிலன் என்று கொடையின் இருபுறத்தையும் நுணுகிக் கூறும் சொற்கள் எமது மரபிலே மலிந்து கிடக்கின்றன. பரிசில் பெற்றவன் பெறாதவனை வள்ளலிடம் வழிகாட்டி அனுப்புவதற்கென்றே ஆற்றுப்படை என்ற இலக்கிய வகை தோன்றியது. கேட்பது இரத்தல், கொடுப்பது ஈகை, இவ்விரண்டுக்கும் அப்பால் ஒரு பொருளைக் கேட்பதற்கு எம் நாவிலே பழகிய சொல் இல்லை. எமது கூச்சம் இரப்பவனின் கூச்சம். கேட்கப்படுவது உயிர் வாழ்வதற்கான உரிமை என்ற எண்ணம் அறிவிலே இருந்தது, உணர்விலே இறங்கவில்லை.

பொதுவான பொருள்கள் எம் ஊரிலே இல்லாமல் இல்லை. சுமைதாங்கியும் ஆவுரோஞ்சிக்கல்லும் கேணியும் மடமும் கட்டி வைத்தவர் எம் முன்னோர். வழிப்போக்கன் எவரிடமும் கேளாமல் தலைச்சுமையை இறக்கி வைத்தான். மாடு முதுகைத் தேய்த்துச் சென்றது. இவற்றை எண்ணிப் பெருமைப்படுவோர் பலர். ஆயின் ஒன்றை மறைக்கலாகாது. மாட்டுக்குத் திறந்திருந்த கேணி மனிதர் எல்லோர்க்கும் திறந்திருக்கவில்லை. தண்ணீர் அள்ளும் உரிமைக்காகவும், தேநீர்க் கடையில் சமமாக அமர்வதற்காகவும், கோயில் வாசலைக் கடப்பதற்காகவும் 1960களிலே இம்மண்ணில் இரத்தம் சிந்தப்பட்டது. 'பொது' என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு வேலி இருந்தது. அவ்வேலி இன்று கண்ணுக்குத் தெரிவதில்லை, காலில் தட்டுப்படுகின்றது.

அன்று எம் காலிலும் தட்டுப்பட்டது. கந்தோர் ஐயாவின் மனைவி எம்மை இருக்கச் சொல்லித் தேநீர் தந்தார். விடயத்தைக் கேட்டபின் நெடுநேரம் பேசவில்லை. "தம்பி, இது என்ர பிள்ளை அனுப்பினது. அவர் போன பிறகு ஆரும் தொடேல்லை" என்றார். அத்துணி மூடலுக்குக் கீழே இருந்தது இயந்திரம் மாத்திரம் அன்று என்பது எமக்கு அப்போதுதான் விளங்கியது. உடைமையென்றால் பேராசை என்று எளிதாக எழுதிவிடுகின்றோம். அவருடையது பேராசை அன்று, துயரம். ஆனால் உள்ளிருந்து வந்த உறவினர் ஒருவரின் பேச்சு வேறு வகையானது. "அங்கை போனால் பிறகு இஞ்சை எடுக்கேலாது" என்றார் அவர். 'அங்கை' என்ற சொல்லை அவர் உச்சரித்த விதத்திலே ஒரு நூற்றாண்டு அடங்கியிருந்தது. இயந்திரம் பழுதாகிவிடும் என்ற அச்சம் அன்று அது. அந்த வீட்டு மூக்கிலே வைத்த குழாய் என்ற எண்ணம்.

குழாய் எந்நோயாளிக்கும் புதிதாகவே மாற்றப்படும் என்றோம். வாதத்துக்கு அது சரியான விடை. அவர் எழுப்பியதோ வாதம் அன்று. இரு வீட்டாரும் நாற்பது ஆண்டுகளாக ஒரே தெருவின் காற்றைத்தான் மாறி மாறிச் சுவாசித்து வந்திருக்கின்றனர் என்பதைச் சொல்ல வாயெடுத்தோம், சொல்லவில்லை. அம்மையாரே பேசினார். இயந்திரத்தை எடுத்துச் செல்லலாம். ஆயின் தானமாக அன்று, கடனாக. மகனிடம் தாமே சொல்லிக்கொள்வார். அவரது 'கடன்' என்ற சொல் எமக்கு அன்று சற்று மனத்தாங்கலாகவே இருந்தது. பின்னர் எண்ணிப் பார்த்தபோது, கொடை என்று சொல்லாமல் கடன் என்று சொன்னதன் மூலம் வாங்குபவரைத் தமக்குச் சமமாக நிறுத்தினார் அவர் என்பது தெரிந்தது. எமது ஆற்றுப்படைகள் தராத சொல்லை அவர் தந்தார்.

துணியை நீக்கி இயந்திரத்தை இயக்கினோம். ஒலி எழுந்தது, சிறிது நேரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பழுதுபார்ப்பவர் ஒருவர் வந்து அளந்து பார்த்தார். வெளிவந்த வாயுவில் ஒட்சிசன் நூற்றுக்கு எழுபதைச் சற்றே தாண்டியது. சியோலைற்று மணிகள் நைதரசனைவிட நீராவியை விரும்பிப் பற்றுவன. நெடுநாள் இயங்காமல் ஈரக்காற்றிலே கிடந்தால் துளைகள் ஈரத்தால் அடைபட்டுவிடும். பின் நைதரசனைப் பற்றும் வலு குன்றிப்போகும். பயன்படுத்தத் தேயும் பொருள்களை நாம் அறிவோம். பயன்படுத்தாமையால் கெடும் பொருள் இது. பெருந்தொற்றின்போது எத்தனையோ செறிவாக்கிகள் கடல் கடந்து வந்தன. 2021 ஆகஸ்டில் இந்தியக் கடற்படைக் கப்பலொன்று விசாகப்பட்டினத்திலிருந்து 100 தொன் ஒட்சிசனைக் கொழும்புக்குக் கொண்டுவரவேண்டிய நிலையில் எமது நாடு இருந்தது. அக்காலத்து அச்சத்தில் வாங்கப்பட்டவற்றுள் எத்தனை இன்று அலுமாரிகளுக்குள்ளே ஈரம் குடித்துக்கொண்டிருக்கின்றனவோ!

உருளைகளை மாற்றப் பணம் வேண்டியிருந்தது. ஊர்ச் சனசமூக நிலையத்திலே கூட்டம் வைத்துச் சேர்த்தோம். ஆசிரியர் ஓய்வறையிலும் ஒரு பங்கு சேர்ந்தது. இதிலே பெருமை பேச ஒன்றுமில்லை. இரண்டு மாதம் சென்றது. அந்த இரண்டு மாதமும் அப்பம்மா தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே இரவைக் கழித்தார். தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்றே தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று எழுத்தாகின்றது என்கின்றது. பல ஆண்டு வகுப்பில் விளக்கிய அச்செய்தியின் பொருளை அவர் பேசக் கேட்டபோதே உணர்ந்தோம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை அவருடைய வாக்கியம் அறுந்தது. எம் இலக்கணத்தார் உயிர் என்று எழுத்துக்குப் பெயரிட்டது உவமை மாத்திரம் அன்று போலும்.

இயந்திரம் வீட்டுக்குச் சென்றபின்னரே மெய்யான கணக்குத் தொடங்கியது. அது இழுப்பது ஏறத்தாழ 350 வாற்று. பதினைந்து மணிநேரத்துக்கு ஐந்தேகால் அலகு; மாதத்துக்கு ஏறக்குறைய 157 அலகு. அலகு ஏற ஏற ஒவ்வோர் அலகின் விலையும் ஏறும் வகையிலே எமது கட்டணம் வகுக்கப்பட்டுள்ளது. வீணாக்குவோரைத் தடுக்க அமைத்த படிக்கட்டில் மூச்சு விடுவோரும் ஏறவேண்டியிருக்கின்றது. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. அதன்பின் இறங்கியும் ஏறியும் வந்துள்ளது. அதற்கு முன் 2022 மார்ச் இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லாதிருந்தது. இருளில் படிக்க முடியாத மாணவரைப் பற்றி அன்று நாம் எழுதினோம். மூச்சு மின்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தவர்களைப் பற்றி எழுதவில்லை, நினைக்கவும் இல்லை. பிரித்தானியாவிலே வீட்டு ஒட்சிசன் அரசின் சுகாதார சேவையினூடாகவே வழங்கப்படுகின்றது. இயந்திரம் உண்ணும் மின்சாரத்துக்கான பணமும் நோயாளிக்குத் திருப்பித் தரப்படுகின்றது. எம் நாட்டிலும் வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும்வரை ஒட்சிசனுக்கு எவரும் பணம் கேட்டதில்லை, அப்பேறு சிறியதன்று. ஆயின் அப்பம்மா கட்டிலைவிட்டு இறங்கி வாசலைக் கடந்ததும் அதே மருந்து அவருடைய சொந்தப் பிரச்சினையாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017இலே இரத்த ஒட்சிசன் குறைந்தோருக்கான மருந்தாக ஒட்சிசனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மருந்து என்றால் கட்டிலில் மாத்திரம் மருந்தாயிருக்க நியாயமில்லை.

இன்னொன்று. ஒட்சிசன் தான் எரிவதில்லை. எரிவதைச் சீறி எரியச் செய்யும். ஆகவே இயந்திரத்துக்கும் மூக்குக் குழாய்க்கும் பத்தடிக்குள் அடுப்போ விளக்கோ பீடியோ கூடாது. அவ்வீட்டின் அடுப்பு அதே அறையின் மறுமூலையில் இருந்தது. சாமி விளக்கைத் தாழ்வாரத்துக்கு மாற்றுவது எளிதாயிற்று. அடுப்பை மாற்றுவது எளிதன்று. அதுவே வீட்டின் வருவாய். கொல்லைப்புறத்திலே நான்கு தடியும் பழைய தகரமும் கொண்டு ஒரு கொட்டில் போட்டார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு அங்கே விறகு மூட்டி இடியப்பம் அவிப்பவர் இப்போது மருமகள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு வீடுகளில் நான்கில் மூன்றுக்கு மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன; 2022இல் எரிவாயு கிடையாதபோது, அதனை விட்டவர்களும் விறகுக்கு மீண்டனர். மருமகளுக்கு வயது முப்பத்தெட்டு. காலையில் இருமுகின்றார். புகை போக்கி ஒன்று வைக்கலாம் என்று கொல்லன் ஒருவரிடம் விலை கேட்டிருக்கின்றோம்.

சனசமூக நிலையத்தில் இப்போது ஒரு கொப்பி உண்டு. இயந்திரம் யாரிடம் இருக்கின்றது, யார் தூசுவடியை வாரந்தோறும் கழுவுகின்றார், ஈரப்படுத்தும் போத்தலில் கொதித்தாறிய நீர் நாளும் மாற்றப்படுகின்றதா, வைத்தியரின் துண்டில் என்ன அளவு என்பன அதில் எழுதப்படுகின்றன. எழுதுபவன் அந்த மாணவனே. 'உடைமையாளர்' என்று தலைப்பிட்ட நிரலில் என்ன எழுதுவது என்பதில் கூட்டத்திலே வாக்குவாதம் நடந்தது. கந்தோர் ஐயாவின் மகன் பெயர் என்றார் ஒருவர். உருளைக்குப் பணம் போட்ட ஊரின் பெயர் என்றார் மற்றொருவர். அம்மையார் கூட்டத்துக்கு வந்திருந்தார். தம் கணவரின் பெயரை எழுதினால் போதும் என்றார். அவ்வாறே எழுதப்பட்டது. 'அங்கை' என்று சொன்ன உறவினர் வரவில்லை.

கொப்பியின் பின்பக்கத்திலே வேறு மூன்று பெயர்கள் உள. ஒருவர் இளைப்பாறிய பேருந்துச் சாரதி. ஒருவர் சீமெந்து ஆலையில் வேலை செய்தவர். மூன்றாமவரும் அடுப்படியில் வாழ்ந்த பெண்ணே. மூவரிடமும் வைத்தியரின் துண்டு இருக்கின்றது. அப்பம்மாவுக்கு வாழ்நாள் முழுவதும் இயந்திரம் வேண்டும். அவருடைய ஆயுள் நீளவேண்டும் என்று விரும்புவோரும், இயந்திரம் எப்போது கிடைக்கும் என்று கேட்டு வருவோரும் ஒரே வாங்கில் அமர்ந்து பத்திரிகை வாசிக்கின்றனர். கேட்பவர் தலைகுனிந்தே கேட்கின்றார். இயந்திரங்களையும் அவற்றின் மின்சாரச் செலவையும் வைத்தியசாலையே பொறுப்பேற்கவேண்டும் எனக் கோரும் மனுவொன்றை எழுதியிருக்கின்றோம். அதில் 'தயவுகூர்ந்து' என்ற சொல் இரண்டு இடத்தில் வந்துவிட்டது. மாணவன் சுட்டிக்காட்டியபின் அடித்தோம். இதுவரை நூற்றிருபது கையொப்பம் சேர்ந்துள்ளது.